40 வரி ரேப்பரும் பச்சை காட்டிய 11 டெஸ்டுகளும்

“வேலூர்ல இருந்து ஒரு பிள்ளைகூட விண்ணப்பம் போடலையா தம்பி?”

பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஓர் அறக்கட்டளையின் அலுவலகத்திலிருந்து வந்த போன் அது. விண்ணப்பங்களை வாங்கி, ஸ்கேன் செய்த பிடிஎஃப்களைப் பத்திரப்படுத்தி, தேர்வுக் குழுவுக்குப் பட்டியல் எடுத்துக் கொடுக்கும் மென்பொருளை அவர்களுக்கு நாங்கள்தான் செய்து கொடுத்திருந்தோம். மாவட்டவாரிப் பட்டியலைப் பிரின்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா பேசினார். அரியலூரில் தொடங்கி ஒழுங்காக வந்த பட்டியல் விழுப்புரத்தின் பாதியில் நின்றிருந்தது. வேலூர் என்ற தலைப்பே அதில் இல்லை.

அந்த வருடம் வந்திருந்தவை 1,137 விண்ணப்பங்கள். பட்டியலில் இருந்தவை சரியாக 1,000. அந்த முழு எண்ணைப் பார்த்ததுமே அடிவயிறு கலங்கிவிட்டது. தேர்வுக் குழு கூட இரண்டு நாள்தான் இருந்தது. அந்த அம்மா பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பார்க்காமல் அப்படியே குழுவிடம் கொடுத்திருந்தால், 137 பிள்ளைகளுக்கு அந்த வருடம் பணம் போயிருக்காது. அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

கோப்புகள் அமேசானின் எஸ்3 சேமிப்பில் இருந்தன. பைத்தான் மொழியில் அதோடு பேசுவதற்கு போடோ3 என்ற நூலகம், அதாவது தயாராக எழுதிவைத்த கோட் தொகுப்பு, இருக்கிறது. அதற்கு மேல் உறை போல நாங்கள் ஒரு சின்ன ரேப்பர் எழுதியிருந்தோம். கோப்பைப் போடு, எடு, இருக்கிறதா பார், பட்டியல் கொடு, அழி என்று ஐந்து ஃபங்ஷன்கள். மொத்தம் 40 வரி இருக்கும். ஒவ்வொரு ஃபங்ஷனும் உள்ளே போடோ3-இன் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வந்த பதிலைக் கொஞ்சம் சீவித் திருப்பித் தரும். அவ்வளவுதான் வேலை.

அதற்கு 11 யூனிட் டெஸ்ட், அதாவது கோடின் ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சோதிக்கும் டெஸ்டுகள், நானே எழுதியிருந்தேன். கவரேஜ், அதாவது டெஸ்டுகள் ஓடும்போது தொடப்படும் வரிகளின் பங்கு, 100 சதவீதம். எல்லாம் பச்சை.

பட்டியல் ஃபங்ஷனுக்கு நான் எழுதிய டெஸ்ட் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். போடோ3 கிளையன்ட்டுக்குப் பதிலாக ஒரு மாக், அதாவது சொல்லிக்கொடுத்த பதிலையே சொல்லும் போலி. ‘பட்டியல் கேட்டால் இந்த மூன்று பெயர்களைக் கொடு’ என்று அதற்குச் சொல்லிவைப்பேன். பிறகு எங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடுவேன். மூன்று பெயர்கள் வந்தனவா? வந்தன. பாஸ். எஸ்3 ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 1,000 பெயர்கள்தான் தரும், மீதி இருந்தால் ‘இன்னும் இருக்கிறது’ என்று ஒரு கொடியும் அடுத்த பக்கத்துக்கான டோக்கனும் தரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாததால் ரேப்பரில் அதைக் கவனிக்கவில்லை. அதே தெரியாமையோடுதான் மாக்கையும் எழுதினேன். வினாத்தாள் எடுத்தவரும், தேர்வு எழுதியவரும், விடைத்தாளைத் திருத்தியவரும் ஒரே ஆள். நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்?

ஏன் வேலூர் மட்டும் என்றால், எஸ்3 பட்டியலை யூடிஎஃப்-8 பைட் வரிசையில், அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் எண்களின் வரிசையில், தருகிறது. எங்கள் கோப்புப் பெயர்கள் வருடம், மாவட்டம், விண்ணப்ப எண் என்று இருந்தன. தமிழ் யூனிகோடில் வகரம் கடைசியை ஒட்டி வருகிறது. அதனால் 1,000-ஐத் தாண்டியதும் முதலில் அடிபட்டவர்கள் வகர மாவட்டத்துப் பிள்ளைகள். முந்தின வருடம் 600 சொச்சம் விண்ணப்பங்களே வந்ததால் அப்போது இது தெரியவில்லை.

அன்று இரவே சரிசெய்ய உட்கார்ந்தேன். அங்கேயும் அதே வழியில்தான் போனேன். இரண்டு பக்கமாகப் பதில் தரும்படி மாக்கை மாற்றினேன், ரேப்பரில் லூப் போட்டேன், டெஸ்ட் பாஸ். எங்கள் குழுவில் டெஸ்டிங் பார்க்கும் அக்கா ரிவ்யூவில் ஒரே ஒரு வரி எழுதினார்: “நிஜமா ஓட்டிப் பாத்தியா?” ஓட்டவில்லை. அவருடைய லேப்டாப்பில், மென்பொருளைத் தனிப் பெட்டியில் (கன்டெய்னரில்) ஓட்டும் டாக்கரில் மினியோ இருந்தது. எஸ்3 பேசும் அதே மொழியைப் பேசும் சேமிப்பு சர்வர் அது, நம் கணினியிலேயே ஓடும். அதன்மேல் ஓட்டியதும் முதல் பக்கத்திலேயே விழுந்தது. அடுத்த பக்கத்துக்கான டோக்கன் பதிலில் ‘நெக்ஸ்ட் கன்டினியூவேஷன் டோக்கன்’ என்ற பெயரில் வருகிறது. அதை அடுத்த அழைப்பில் ‘கன்டினியூவேஷன் டோக்கன்’ என்ற பெயரில் அனுப்ப வேண்டும். நான் இரண்டு இடத்திலும் இரண்டாவது பெயரையே எழுதியிருந்தேன். மாக்கிலும் அதே பெயர். இரண்டு தப்பும் ஒன்றோடொன்று பொருந்தியதால் டெஸ்ட் பச்சை.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இதுதான். மெல்லிய ரேப்பரில் நம் லாஜிக் என்று ஏதும் பெரிதாக இல்லை. தப்பு நடந்தால் அது எதிராளியைப் பற்றிய நம் புரிதலில்தான் நடக்கும். மாக் அந்தப் புரிதலின் நகல். நகலை வைத்து மூலத்தைச் சரிபார்க்க முடியாது. எதிராளியிடமே கேட்டால்தான் உண்டு.

அடுத்த வாரம் ரேப்பரின் மற்ற நான்கு ஃபங்ஷன்களையும் மினியோவிடம் விட்டுப் பார்த்தோம். விழுந்ததையெல்லாம் சொல்கிறேன். எஸ்3 வைத்து வேலை செய்பவர்களுக்கு நேரடியாகவே உதவும்.

கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷன் உள்ளே, கோப்பை இறக்காமல் அதைப் பற்றிய விவரத்தை மட்டும் கேட்கும் ‘ஹெட்’ அழைப்பைப் பயன்படுத்துகிறது. கோப்பு இல்லையென்றால் ‘நோ சச் கீ’ என்ற பிழை வரும் என்று நினைத்து அதைப் பிடித்து ‘இல்லை’ என்று திருப்பினேன். மாக்கையும் அதே பிழையை எறியச் சொல்லியிருந்தேன். கோப்பை எடுக்கும்போது அந்தப் பெயரில் பிழை வருவது உண்மை. ஆனால் ஹெச்டிடிபியில் ஹெட் அழைப்பின் பதிலுக்கு உடல் கிடையாது, தலைப்புகள் மட்டும்தான். பிழையின் பெயர் உடலில் வரும் எக்ஸ்எம்எல்லில் இருப்பது. உடல் இல்லாத இடத்தில் பெயர் எங்கிருந்து வரும்? போடோ3 கையில் இருக்கும் 404 (‘கிடைக்கவில்லை’) என்ற எண்ணையே பிழைக் குறியீடாகத் தருகிறது. எங்கள் ஃபங்ஷன் அதைப் பிடிக்காமல் வெடித்தது. இத்தனை நாள் தெரியாமல் போனதற்குக் காரணம், எங்கள் செயலியில் இல்லாத கோப்பை யாரும் கேட்டதே இல்லை.

கோப்பைப் போடும் ஃபங்ஷனில் இருந்தது இன்னும் கிட்டத்தில் வலித்தது. விண்ணப்பதாரர் ஏற்றிய கோப்பின் அசல் பெயரை மெட்டாடேட்டாவாக, அதாவது கோப்போடு ஒட்டிய குறிப்பாக, சேர்த்து வைக்க வேண்டும் என்று புதிதாக ஒரு தேவை வந்திருந்தது. டெஸ்டில் ‘வருமானச் சான்று.பிடிஎஃப்’ என்று பெயர் கொடுத்திருந்தேன். மாக் எதைக் கொடுத்தாலும் தலையாட்டும். அசல் போடோ3-ஓ, மெட்டாடேட்டாவில் ஆஸ்கி எழுத்துகள் (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டுமே வரலாம் என்று சொல்லி, நெட்வொர்க்குக்குப் போகும் முன்னாலேயே மறுத்துவிட்டது. தமிழில் பெயர் வைத்த ஒரு கோப்புகூட ஏறியிருக்காது. தமிழ் பேசும் ஊருக்கு மென்பொருள் செய்துவிட்டு, தமிழ்ப் பெயரை மாக்கிடம் மட்டும் காட்டிப் பார்த்து ரிலீஸ் செய்ய இருந்தோம்.

இதைச் சரிசெய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யூனிட் டெஸ்ட் எங்கே வேண்டும் என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் அதுதான்.

பெயரை யூஆர்எல்லில் செய்வது போல சதவீதக் குறியில் என்கோட் செய்து வைப்பது என்று முடிவு செய்தோம். ‘வருமானச் சான்று’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது 8 எழுத்து. யூனிகோடில் துணைக்கால், கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் அது 14 கோட்பாயிண்ட் (யூனிகோடில் தனி எண் பெற்ற அலகு). ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியில் 3 எழுத்து. ஆக 14-ஐ 9-ஆல் பெருக்கினால் 126, நடுவில் உள்ள இடைவெளிக்கு 3. எஸ்3-இல் பயனர் மெட்டாடேட்டாவுக்கு மொத்தமே 2 கேபிதான் இடம். மிக நீளமான தமிழ்ப் பெயர் அதைத் தாண்டக்கூடும். அப்படியானால் வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது? கோட்பாயிண்ட் எல்லையில் வெட்டினால் ‘ச்’ என்பதில் புள்ளி உதிர்ந்து ‘ச’ ஆகிவிடும். ‘மா’ கால் போய் ‘ம’ ஆகிவிடும். எழுத்து முழுதாக முடிந்த இடத்தில்தான் வெட்டலாம்.

இது இனி மெல்லிய வேலை இல்லை, இதில் யோசனை இருக்கிறது. இதை ரேப்பரிலிருந்து உருவி, எஸ்3 என்றால் என்னவென்றே தெரியாத தனி ஃபங்ஷனாக்கினோம். உள்ளே ஒரு பெயர் போகும், வெளியே ஒரு பெயர் வரும். அதற்கு 23 யூனிட் டெஸ்ட். ‘ஸ்ரீ’யில் முடிகிற பெயர், காலியான பெயர், வெறும் ஆங்கிலப் பெயர், இரண்டும் கலந்தது, எல்லையில் சரியாக நிற்பது, ஒன்று தாண்டுவது. மாக் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. 23-உம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். ரேப்பரில் மிஞ்சியது அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் ஒரு வரி. அந்த வரிக்கு ஒரே ஒரு இன்டக்ரேஷன் டெஸ்ட், அதாவது நிஜ சேமிப்பு சர்வரோடு சேர்த்து ஓட்டும் டெஸ்ட்: தமிழ்ப் பெயரோடு கோப்பைப் போடு, திரும்ப எடு, பெயர் அப்படியே இருக்கிறதா பார்.

அதனால் இப்போதெல்லாம் யூனிட்டா இன்டக்ரேஷனா என்று யாராவது கேட்டால், அந்தக் கோடில் ஒரு ‘இஃப்’ (நிபந்தனை) இருக்கிறதா, ஒரு கணக்கு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இருந்தால் அதை வெளியே எடுத்து யூனிட் டெஸ்ட் எழுதச் சொல்வேன். எடுத்த பிறகு மிச்சம் இருப்பது வெறும் குழாய். குழாயில் தண்ணீர் திறந்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு ‘இஃப்’ தேவையில்லாமலே நுழைந்திருந்த கதையும் உண்டு. எஸ்3 ‘இப்போது முடியாது’ என்று 503 கொடுத்தால் மூன்று முறை முயற்சி செய்யும்படி ரேப்பரில் எழுதியிருந்தேன். மாக்கை வைத்து ‘மூன்று முறை கூப்பிட்டதா’ என்று டெஸ்ட். பச்சை. இந்த மாதிரி கோளாறை மினியோவில் வரவழைப்பது கஷ்டம் என்பதால், எப்போதும் 503 மட்டுமே தரும் ஒரு குட்டி ஹெச்டிடிபி சர்வரை எழுதி, அசல் போடோ3-ஐ அதன் பக்கம் திருப்பிவிட்டோம். சர்வருக்கு வந்த அழைப்புகளை எண்ணினால் 15. நாங்கள் வைத்திருந்த அமைப்பில் போடோ3 தானே மொத்தம் ஐந்து முறை முயல்கிறது. அதன்மேல் நான் மூன்று முறை. திணறிக்கொண்டிருக்கும் சேவையை மூன்று மடங்கு தட்டுகிறோம். என் மறுமுயற்சிக் கோடை அப்படியே நீக்கிவிட்டேன். நீக்கிய கோடுக்கு டெஸ்டும் வேண்டாம்.

மாக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிழை வந்தால் பயனருக்கு என்ன செய்தி காட்டுவது, வேலையை வரிசையில் திரும்பப் போடுவதா என்பதெல்லாம் நம் முடிவுகள். அந்த முடிவுகளைச் சோதிக்கப் பிழையைப் பொய்யாக வரவழைப்பதுதான் சரியான வழி. ஆனால் போலி வைக்கும் இடம் நம்முடைய ரேப்பராக இருக்க வேண்டும், போடோ3 ஆக இருக்கக் கூடாது.

இது எங்கள் மற்ற கோடுக்கு ரொம்பவும் உதவியது. தேர்வுப் பட்டியல் தயாரிக்கும் பகுதி ரேப்பரைப் பயன்படுத்துகிறது. அதற்கு 200-க்கு மேல் டெஸ்ட் இருக்கிறது. அத்தனையையும் மினியோவில் ஓட்டினால் ஒரு சின்ன மாற்றத்துக்கும் டீ குடித்துவிட்டு வர வேண்டியதுதான். அதனால் ரேப்பருக்கு ஒரு போலி எழுதினோம். அதே ஐந்து ஃபங்ஷன்கள், உள்ளே கோப்புகளைப் பெயர்வாரியாக நினைவகத்தில் வைக்கும் ஒரு டிக்ஷனரி. மேலே இருக்கும் கோட் எல்லாம் இந்தப் போலியோடு சோதிக்கப்படுகிறது.

போலி நிஜத்தைப் போலவே நடக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பதிலாக, ரேப்பருக்கான இன்டக்ரேஷன் டெஸ்டுகளை எழுதி, அதே டெஸ்டுகளை இரண்டு தடவை ஓட்டினோம். ஒரு முறை மினியோவோடு பேசும் அசல் ரேப்பரோடு, ஒரு முறை போலியோடு. பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டில், டெஸ்டுக்கு வேண்டியதைத் தயார்செய்து தரும் ஃபிக்ஸ்சரை இரண்டு மதிப்புகளோடு பேராமீட்டரைஸ் செய்தால் போதும், டெஸ்ட் கோடை இரண்டு முறை எழுத வேண்டியதில்லை. முதல் ஓட்டத்திலேயே பலன் கிடைத்தது. இல்லாத கோப்பை அழித்தால் எங்கள் போலி பிழை எறிந்தது. நிஜம் ஒன்றும் சொல்லாமல் ‘சரி’ என்றது. எஸ்3 அப்படித்தான், இல்லாததை அழித்தாலும் வெற்றி என்றே சொல்லும். போலியைத் திருத்தினோம். அதற்குப் பிறகு, ‘அழித்தாகிவிட்டது’ என்று பயனரிடம் சொல்வதற்கு முன்னால் அது இருந்ததா என்று பார்க்க வேண்டிய இடம் மேலே ஒன்று இருப்பதும் தெரியவந்தது.

இன்டக்ரேஷன் டெஸ்டுக்கு எதிராகச் சொல்லப்படும் குறைகள் உண்மைதான். மெதுவாக ஓடும், சில நாள் காரணமில்லாமல் விழும். எங்களுக்கும் நடந்தது. எல்லா டெஸ்டும் ஒரே பக்கெட்டில் (எஸ்3-இல் கோப்புகளைப் போடும் தொட்டி) எழுதியதால், ஒன்று போட்ட கோப்பு இன்னொன்றின் பட்டியலில் வந்து நின்றது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் சீரற்ற பெயரில் தனி பக்கெட் என்று மாற்றியதும் அந்தத் தொல்லை ஓய்ந்தது. மினியோ கன்டெய்னரை ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஏற்றி இறக்காமல், முழு ஓட்டத்துக்கும் ஒரே முறை ஏற்றுகிறோம். பக்கம் பிரிப்பதைச் சோதிக்க முதலில் 1,001 காலிக் கோப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு பக்கத்தின் அளவை ரேப்பருக்கு வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றி, டெஸ்டில் அளவு 2, கோப்புகள் 5 என்று வைத்தோம். மூன்று பக்கம் வந்துவிடுகிறது. லூப்பையும் நாங்களே எழுதாமல், போடோ3-இல் தயாராக இருக்கும் பேஜினேட்டரிடம் விட்டுவிட்டோம். இப்போது ரேப்பருக்கென்று இருப்பவை 9 டெஸ்டுகள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐயில் சில வினாடிகள் கூடுதல். அந்த வினாடிகளைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

அப்படியும் மினியோ எல்லாவற்றையும் பிடித்துவிடாது. வெளியீட்டுக்கு முந்தைய ஒத்திகைச் சூழலான ஸ்டேஜிங்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கோப்பு ஏற்றும் சேவைக்கு, போடவும் எடுக்கவும் மட்டும் அனுமதி கொடுத்திருந்தோம். பட்டியல் எடுக்கும் அனுமதி அதற்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டோம். அந்த அனுமதி இல்லாதவர் இல்லாத கோப்பைக் கேட்டால், எஸ்3 404 சொல்லாது, ‘அனுமதி இல்லை’ என்ற 403 சொல்லும். இருக்கிறதா இல்லையா என்பதையே உனக்குச் சொல்ல மாட்டேன் என்பது அதன் நிலை. பாதுகாப்பு என்று பார்த்தால் சரியான நடத்தைதான். எங்கள் ‘இருக்கிறதா’ ஃபங்ஷன் மறுபடி வெடித்தது. மினியோவில் நாங்கள் எல்லா அனுமதியும் உள்ள கணக்கோடு ஓடுவதால் அங்கே இது வரவே வராது. இதற்காக, ஸ்டேஜிங்கில் டிப்ளாய் ஆனதும், அந்தச் சேவைக்கு உரிய அசல் அனுமதியோடு ஒரு கோப்பைப் போட்டு, எடுத்து, இல்லாத ஒன்றைக் கேட்டுப் பார்க்கும் ஒரே ஒரு ஸ்மோக் டெஸ்ட் வைத்திருக்கிறோம்.

எந்த டெஸ்டும் பிடிக்காமல், தரவைப் பார்த்துத்தான் தெரிந்த ஒன்றும் உண்டு. கோயம்புத்தூர் இரண்டு முறை வந்தது. எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி, ஆனால் இரண்டு தலைப்பு. ‘கோ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே கோட்பாயிண்டாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். எங்கிருந்து எப்படித் தட்டச்சு செய்தார்களோ, இரண்டு வகையும் வந்திருந்தன. எஸ்3-க்குப் பைட்டுகள் வேறென்றால் பெயரும் வேறு. என்எஃப்சி முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரியை, முன்பு சொன்ன அந்தத் தனி ஃபங்ஷனுக்குப் பக்கத்தில் சேர்த்தோம். அதற்கும் யூனிட் டெஸ்ட்தான். எஸ்3 எப்படி நடக்கும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகு அதை வைத்து நாம் எடுக்கும் முடிவைச் சோதிக்க எதிராளி தேவையில்லை.

பழைய 11 டெஸ்டுகளையும் அழித்துவிட்டேன். கவரேஜ் எண் குறைந்துவிடுமே என்று ஒரு தயக்கம் இருந்தது, ஆனால் இன்டக்ரேஷன் டெஸ்டுகள் அதே வரிகள் வழியாகத்தான் போகின்றன, எண் மாறவில்லை. மாறியிருந்தாலும் அழித்திருப்பேன். அவற்றால் இரண்டு வருடம் எனக்கு ஒரு பொய்யான நிம்மதி இருந்தது. ரேப்பரில் ஒரு வரியை மாற்றினால் மூன்று மாக்குகளை மாற்ற வேண்டியிருந்ததுதான் அவை செய்த ஒரே வேலை.

அந்த 137 விண்ணப்பங்களும் அன்று இரவே பட்டியலில் சேர்ந்து, குழு கூடுவதற்கு முன்னால் புதுப் பிரின்ட் போய்விட்டது. மறுநாள் காலை அந்த அம்மாவே போன் செய்து, “வேலூர் வந்துடுச்சு தம்பி” என்றார்.

பக்கம் பிரிக்கும் டெஸ்டில் நான் போடும் ஐந்து கோப்புகளுக்கு அரியலூர், ஈரோடு, தஞ்சாவூர், விழுப்புரம், வேலூர் என்று பெயர். அண்மையில் குழுவுக்கு வந்த ஒரு பையன் ரிவ்யூவில், “ஏ, பி, சின்னு வச்சா போதாதாண்ணா?” என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். பெயர்களை அவன் மாற்றவில்லை. வேலூர் வந்ததா என்று மட்டும் தனியாகப் பார்க்கும் ஒரு அசெர்ட்டை அவனே கீழே சேர்த்துவிட்டுப் போனான்.